டிரைவிங் ஸ்கூல் மாடியில் ஒரு கூட்டம்

மீட்டிங்குக்குப் போனால் மட்டும் போதாது, போனதற்கு ஆதாரம் வேண்டும் என்று மனைவி சொல்லிவிட்டாள்.

அதைச் சொன்னது அவளுடைய அக்கா வீட்டு முன்னறையில். மகளை அழைத்துக்கொண்டு அவள் அங்கே வந்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது. பார்க்க வந்த கணவரை அவள் சோபாவில் உட்காரச் சொல்லவில்லை. கதவருகே கிடந்த ஸ்டூலைக் காட்டினாள். விருந்தாளிக்கும் குழாய் ரிப்பேர் செய்ய வந்தவருக்கும் இடைப்பட்ட இடம் அது என்று சர்வேயருக்குப் பட்டது.

எல்லோருக்கும் அவர் சர்வேயர்தான். நிலம் அளக்கிறவர் அல்ல. இடிபட்ட வண்டிகளைப் பார்த்து, அடி சொன்ன மாதிரி விழுந்ததா இல்லை கதையா என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கிறவர். பம்பரில் இருக்கும் கீறலை விரலால் தடவியே, இடித்தபோது வண்டி ஓடிக்கொண்டிருந்ததா நின்றுகொண்டிருந்ததா என்று சொல்லிவிடுவார். பள்ளிக்கூடத்திலிருந்து மகளைக் கூட்டிவந்த ஒரு மதியம் தன்னுடைய காரையே ஒரு தூணில் உரசிவிட்டு, "நிறுத்தி வச்சிருந்தேன், எவனோ இடிச்சிட்டுப் போயிட்டான்" என்று மனைவியிடம் அவர் சொன்ன கதையில் அதனால்தான் ஓட்டையே இல்லை. உரசிய கோணம், இடித்த வண்டியின் நிறம் எல்லாம் இருந்தன. பின்சீட்டில் மகள் இருந்ததைத்தான் மறந்துவிட்டார். "அப்பா மேல அந்த வாசனை வந்துச்சு" என்று மகள் சொன்னாள். மறுநாள் இருவரும் பெட்டியோடு கிளம்பிவிட்டார்கள்.

"இங்கயே பக்கத்துல ஒரு ஸ்கூல் பாத்துட்டேன்," என்றாள் மனைவி. "விண்ணப்பம் எழுதிக் கைப்பையில வச்சிருக்கேன். திங்கக்கிழமை போய்க் குடுக்கப்போறேன்."

"கொஞ்சம் பொறேன்."

"இன்னும் எதுக்கு? இவ இங்க சேந்துட்டா அப்புறம் வருஷ நடுவுல மாத்த முடியாது. நல்லதாப் போச்சுன்னு இங்கயே இருந்துடுவோம்."

உள்ளேயிருந்து சகலை வந்தார். இந்த மாதிரி நேரத்தில் வராமல் இருக்க அவருக்குத் தெரியாது. "என்ன சகலை, நானும்தான் சாப்பிடறேன். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ரெண்டு பெக். மூணாவது பெக்கோட நிறம் எனக்குத் தெரியாது. மனுஷனுக்கு ஒரு கன்ட்ரோல் வேணாமா?"

"உங்க ரெண்டு பெக்கையும் நான் பாத்திருக்கேன்," என்று சமையலறையிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள். "பக்கெட்ல ஊத்தினாலும் கணக்கு ஒண்ணுதான்."

சகலை வந்த வழியே போய்விட்டார்.

மனைவி ஒரு தொலைபேசி எண்ணை நீட்டினாள். அவள் ஆபீசில் கூட வேலை பார்க்கும் பெண்ணுடைய தம்பி கொடுத்ததாம். "குடிய விட்டவங்களும் விடணும்னு நினைக்கறவங்களும் கூடிப் பேசற இடம். டாக்டர் கிடையாது, மருந்து கிடையாது. போயிட்டு வாங்க. போனீங்கன்னு எனக்கு ஆதாரம் காட்டுங்க. அப்புறம் இந்த விண்ணப்பத்தப் பத்தி யோசிக்கறேன்."

"என் வார்த்தை போதாதா?"

சமையலறையில் ஏதோ ஒரு பாத்திரம் கீழே விழுந்தது. அக்கா சிரிப்பை அடக்கியதில் விழுந்திருக்கலாம்.

காரில் உட்கார்ந்தபடியே அந்த எண்ணைக் கூப்பிட்டார். எடுத்தது ஒரு பெண்.

"மீட்டிங் பத்தி விசாரிக்கலாம்னு..."

"வெள்ளிக்கிழமை சாயந்திரம். கடைவீதி முடியற இடத்துல டிரைவிங் ஸ்கூல் இருக்கு. அதுக்கு மாடியில. பக்கத்துச் சந்து வழியா ஏறணும். போர்டு இருக்காது."

"என் பேரு..."

"பேரெல்லாம் வேணாங்க."

"ஃபீஸ் எவ்வளவு?"

"ஃபீஸ் இல்ல."

"இத யாரு நடத்தறாங்க?"

"யாரும் நடத்தல. இப்போதைக்குச் சாவி என்கிட்ட இருக்கு. அவ்வளவுதான்."

சர்வேயர் போனை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் இல்லை, கட்டணம் இல்லை, போர்டு இல்லை, முதலாளி இல்லை. அவருடைய அனுபவத்தில் இதெல்லாம் இல்லாத இடத்தில் ஒருநாள் போலீஸ் வந்து நிற்கும்.

அவருடைய கம்பெனியின் வேலையாக இருக்குமோ என்றுகூட யோசித்தார். குடிக்கிற சர்வேயர்களைக் களையெடுக்கப்போகிறார்கள் என்று ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. ஆள் ஆளாக மோப்பம் பிடிப்பதைவிட, இப்படி இலவசமாக ஓர் அறையைத் திறந்து வைத்தால் எல்லோரும் தாங்களாகவே வந்து உட்கார்ந்துகொள்வார்கள். மேலாளர் நாற்காலியில் அவர் இருந்தால் அதைத்தான் செய்திருப்பார்.

வெள்ளிக்கிழமை முன்னதாகவே போய், டிரைவிங் ஸ்கூலுக்கு எதிர்ச்சாரியில் காரை நிறுத்திக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். சந்துக்குள் போகிறவர்களை எடைபோட்டார். கண் சிவந்து, சட்டை கசங்கி, நடையில் கொஞ்சம் தள்ளாட்டத்தோடு ஒருவர் வந்தார். இவர்தான், சந்தேகமே இல்லை என்று சர்வேயர் நினைத்தபோது, அந்த மனிதர் சந்துக்குள் திரும்பாமல் தாண்டிப்போய்க் கண் மருத்துவரின் படியில் ஏறினார். மடிப்புக் கலையாத சட்டையில், சாப்பாட்டுப் பையும் குடையுமாக, வங்கி கவுண்டரிலிருந்து அப்படியே எழுந்து வந்தவர் போல ஒருவர் வந்தார். அவர் சந்துக்குள் போனார். பள்ளி ஆசிரியை மாதிரி இருந்த ஒரு பெண், கையில் சாவிக்கொத்தோடு, பின்னாலேயே போனாள். சர்வேயருக்கு எரிச்சலாக இருந்தது. தொழிலில் இவ்வளவு தப்பாக அவர் எதையும் மதிப்பிட்டதில்லை.

சந்துக்குள் மூன்று படிக்கட்டுகள் இருந்தன. எது என்று தெரியவில்லை. முனையில் இருந்த ஜெராக்ஸ் கடைக்காரரிடம் போய், தாள் வாங்குகிறவர் மாதிரி நின்று, "மாடியில ஏதோ மீட்டிங்னாங்க..." என்றார்.

"எந்த மீட்டிங்?" ஜெராக்ஸ் கடைக்காரருக்கு மெஷின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழக்கம். "வீட்டுக் கடன் சங்கமா, யோகாவா, குடிகாரங்களா?"

கடையில் நின்றிருந்த இரண்டு கல்லூரிப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"வீட்டுக் கடன்," என்றார் சர்வேயர்.

"அது செவ்வாய்க்கிழமை சார். இன்னிக்கு மத்தது மட்டும்தான். பரவால்லையா?"

சர்வேயர் நகர்ந்தார். "நடுப் படிக்கட்டு சார், கைப்பிடி ஆடும், பாத்து," என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

மேலே இருந்தது டிரைவிங் ஸ்கூலின் வகுப்பறை. எழுதுவதற்குப் பலகை வைத்த நாற்காலிகள் வட்டமாகப் போடப்பட்டிருந்தன. சுவர் முழுக்கச் சாலைக் குறிகளின் படங்கள். ஒரு மூலையில் மரப்பெட்டியில் பொருத்திய ஸ்டியரிங்கும் அதன் அடியில் மூன்று பெடல்களும். வெள்ளைப் பலகையில் பாதி அழித்த படம், காரை எப்படிப் பின்னால் எடுத்து நிறுத்துவது என்று காட்டியது. சர்வேயர் உடனே கணக்குப் போட்டார். டிரைவிங் ஸ்கூல் என்றால் வண்டி. வண்டி என்றால் இன்சூரன்ஸ். இன்சூரன்ஸ் என்றால் கம்பெனி. வலை நன்றாகத்தான் பின்னியிருக்கிறார்கள்.

கதவுக்குப் பக்கத்து நாற்காலியில், முதுகைச் சுவரில் ஒட்டி உட்கார்ந்தார். அடுத்த நாற்காலியில் இருந்த ஒல்லியான மனிதர் அவரைப் பார்த்துச் சிரித்தார்.

"முதல் நாள் எல்லாருமே இந்த நாற்காலிலதான் உக்காருவாங்க. நான் ஒரு காலை வெளியவே வச்சிருந்தேன்."

இவன் எதையோ விற்கப்போகிறான் என்று சர்வேயருக்குத் தோன்றியது. "நீங்க என்ன விக்கறீங்க?" என்று நேராகவே கேட்டார்.

"பூட்டு."

"பூட்டா?"

"பூட்டுக் கடை வச்சிருக்கேன். உங்களுக்கு வேணும்னா கடைக்கு வாங்க, இங்க விக்கறதில்ல."

சாவிக்கொத்துடன் வந்த பெண் கதவைச் சாத்தினாள். போனில் பேசியது அவள்தான், குரல் அடையாளம் தெரிந்தது. மேடை இல்லை, மைக் இல்லை. விருப்பம் இருப்பவர்கள் பேசலாம், இல்லாதவர்கள் கேட்கலாம், இங்கே கேட்டதும் பார்த்ததும் இங்கேயே இருக்கட்டும் என்றாள். அப்போது ஒரு தகர டப்பா கைமாறி வந்துகொண்டிருந்தது. அதோ வந்துவிட்டது வசூல் என்று சர்வேயர் நிமிர்ந்தார். டப்பா அவரிடம் வந்தது. உள்ளே பிஸ்கட். ஒன்றை எடுத்துக்கொண்டார். எதையோ எதிர்பார்க்காமல் பிஸ்கட் கொடுக்க மாட்டார்கள் என்று அதை வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார்.

பூட்டுக்கடைக்காரர் பேசினார். "என் வீட்டுக்காரம்மா பாட்டில அலமாரியில வச்சுப் பூட்டினா. அதுவும் என் கடைப் பூட்ட வாங்கி. எனக்கு சாவி எதுக்கு? கொண்டை ஊசி போதும். அப்புறம் அவ கடையில இருக்கறதுலயே பெரிய பூட்டா வாங்கிட்டு வந்தா. நான் கதவோட கீலைக் கழட்டினேன். கீலுக்குப் பூட்டு இதுவரைக்கும் யாரும் கண்டுபிடிக்கல."

எல்லோரும் சிரித்தார்கள். சர்வேயர் சிரிக்கவில்லை. பழக்கதோஷத்தில் அவர் அந்தக் கதையைச் சோதித்துக்கொண்டிருந்தார். கீல் அலமாரிக் கதவின் வெளிப்பக்கம் இருந்தால் கழற்றலாம். சேதம், சொன்ன சம்பவத்தோடு ஒத்துப்போகிறது. அதற்கடுத்துப் பேசியவரின் கதையும் ஒத்துப்போனது. தாங்கள் செய்ததை இவர்கள் தங்களுக்கு எதிராகவே சொல்லிக்கொண்டிருந்தார்கள். இதில் யாருக்கு என்ன லாபம் என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை.

டீக்கு எழுந்தபோது சாவிக்காரப் பெண்ணிடம் போனார்.

"நான் வந்ததுக்கு ஒரு சர்ட்டிபிகேட் மாதிரி கிடைக்குமா?"

"அப்படி எதுவும் இல்லங்க."

"ஒரு கையெழுத்து போதும். இல்ல ஒரு சீல்."

"சீலா?" அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "யார் வந்தாங்கன்னு எங்கயும் பதிவு கிடையாது. அந்த தைரியத்துலதான் எல்லாரும் வராங்க."

"என் வீட்டுல நம்ப மாட்டாங்க."

"இங்க நிறையப் பேர் வீட்டுல நம்ப மாட்டாங்க," என்று சொல்லிவிட்டு அவள் கெட்டிலைப் பார்க்கப் போய்விட்டாள்.

திங்கட்கிழமைக்கு முன்னால் சனியும் ஞாயிறும்தான். வெறும் கையோடு அந்த ஸ்டூலில் போய் உட்காருவதை நினைத்துப் பார்த்தார். பிறகு இருபது வருடமாகச் செய்கிற காரியத்தைச் செய்தார். விபத்து நடந்த இடத்துக்குப் போனால் முதலில் நான்கு மூலையிலிருந்தும் நான்கு படம். போனை இடுப்பு உயரத்தில் பிடித்து, ஸ்டியரிங் மூலையிலிருந்து ஒன்று, பலகை மூலையிலிருந்து ஒன்று, ஜன்னல் ஓரம் ஒன்று என்று எடுத்தார். கதவு மூலைக்கு வந்து நான்காவதை எடுத்தபோது கதவு திறந்தது.

உள்ளே வந்தவர் ஒர்க் ஷாப்பை மூடிவிட்டு நேராக வந்தது போலிருந்தது. கைகளில் கிரீஸ், காதோரத்தில் பெயின்ட் தூசி. சர்வேயருக்கு அந்த முகம் நினைவில்லை. அந்தக் கையை எங்கோ பார்த்திருக்கிறோம் என்று யோசித்தபோது ஒரு மினி வேனின் இடது கதவு நினைவுக்கு வந்தது. லாரி இடித்தது என்று சொல்லிக் கொண்டுவந்த கதவு. அதன் ஓரத்தில் சுத்தியல் தழும்புகள் இருப்பதைக் கண்டுபிடித்து, கூடுதல் சேதம் இவருடைய ஒர்க் ஷாப்பில் உண்டாக்கப்பட்டது என்று எழுதிக் கொடுத்தது அவர்தான்.

"சார்," என்றார் ஒர்க் ஷாப்காரர். "இங்கயுமா?"

அவர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார்.

"இவர் யாருன்னு தெரியுமா உங்களுக்கெல்லாம்? இன்சூரன்ஸ் சர்வேயர். கையில பாருங்க, போன். போட்டோ எடுக்கறார்!"

வங்கிக்காரர் போல் இருந்தவர் குடையை விரிக்காத குறையாக முகத்தை மறைத்துக்கொண்டார். பூட்டுக்கடைக்காரர் டீயைக் கீழே வைத்தார். சற்றுமுன் பேசி அழுத ஒருவர் எழுந்து தன் பையைத் தேடினார்.

"கம்பெனி அனுப்புச்சா? இல்ல நீங்களே வந்தீங்களா? நான் எங்க போறேன், என்ன பண்றேன்னு பாத்து அதையும் எழுதிக் குடுக்கவா?"

"நீங்க இங்க வருவீங்கன்னே எனக்குத் தெரியாது."

"தெரியாமத்தான் போட்டோ எடுத்தீங்களா?"

சாவிக்காரப் பெண் கையை நீட்டினாள். "போனைக் காட்டுங்க."

காட்டினார். நான்கு படங்கள். நான்கிலும் முகங்கள். இரண்டு பேர் தெளிவாக, கையில் டீயோடு.

"என் பொண்ணுக்கு ஸ்கூல் மாத்தப்போறாங்க," என்றார் சர்வேயர். சொன்னபோதுதான் அது எவ்வளவு பொய் போல் கேட்கிறது என்று அவருக்கே தெரிந்தது. "திங்கக்கிழமை. நான் இங்க வந்தேன்னு காட்டினாத்தான் என் மனைவி நிறுத்துவா. எனக்கு வேற ஆதாரம் இல்ல."

"கதை நல்லாருக்கு," என்றார் ஒர்க் ஷாப்காரர்.

"கதை இல்ல."

"நான் சொன்னப்ப நீங்களும் இதைத்தான் சொன்னீங்க. கதை நல்லாருக்குன்னு."

சாவிக்காரப் பெண் குரலை உயர்த்தவில்லை. "உங்க பொண்ணு விஷயம் உண்மையா இருக்கலாம். ஆனா இந்தப் படத்துல இருக்கறவங்களுக்கும் வீடு இருக்கு, வேலை இருக்கு. அழிச்சிடுங்க. அழிச்சிட்டா இருக்கலாம். இல்லன்னா கிளம்புங்க."

கதவு இரண்டடியில் இருந்தது. படங்களோடு இறங்கிப் போனால் நேரே சகலை வீடு. மனைவி பார்ப்பாள், நம்புவாள், விண்ணப்பம் கிழியும். யாரும் அவரைத் துரத்தப் போவதில்லை. பையைத் தேடிக்கொண்டிருந்த மனிதர் தேடுவதை நிறுத்திவிட்டு அவருடைய கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றார். சர்வேயர் ஒவ்வொன்றாக அழித்தார்.

"அழிச்சது குப்பைத்தொட்டில இருக்கும் சார்," என்றார் ஒர்க் ஷாப்காரர். "அதையும்."

அதையும் அழித்தார். போனை மரப்பெட்டியின் மேல், ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார்கள். வைத்துவிட்டு உட்கார்ந்தபோது அது அலறியது.

மனைவி. இந்த நேரத்தில் அவள் சும்மா கூப்பிட மாட்டாள், சோதிக்கத்தான் கூப்பிடுகிறாள் என்று அவருக்குத் தெரியும். எடுக்காமல் விட்டால் எங்கே இருக்கிறார் என்று அவளே முடிவு செய்துகொள்வாள். முன்பு எடுக்காமல் விட்ட ஒவ்வொரு முறையும் அவள் முடிவு சரியாகவே இருந்தது.

"எடுங்க," என்றாள் சாவிக்காரப் பெண். "அங்கயே வச்சு, எல்லாருக்கும் கேக்கற மாதிரி."

ஸ்பீக்கரை அழுத்தினார்.

"எங்க இருக்கீங்க?"

"மீட்டிங்ல."

"சத்தமே இல்லையே."

"எல்லாரும் என்னத்தான் பாத்துட்டிருக்காங்க."

"ஆதாரம் வாங்கிட்டீங்களா?"

"இங்க அதெல்லாம் குடுக்க மாட்டாங்களாம்."

மறுமுனையில் ஒரு மூச்சு கேட்டது. "நினைச்சேன்."

"யாரையாவது பேசச் சொல்லட்டுமா?"

"வேணவே வேணாம். போன தடவை டாக்டர்னு ஒருத்தரப் பேச வச்சீங்க. பிரஷர், சுகர் எல்லாம் நல்லாத்தான் பேசினார். பின்னாடி ஒருத்தன் 'மச்சி, ஐஸ் எங்கடா'ன்னான்."

யாரோ களுக்கென்று சிரித்து அடக்கினார்கள். ஒர்க் ஷாப்காரர் எழுந்து மரப்பெட்டிக்கு வந்தார். அவர் முகத்தில் முதல்முறையாக ஒரு சந்தோஷம் தெரிந்தது.

"அம்மா, நான் பேசறேன்."

"நீங்க யாரு?"

"அதச் சொல்ல மாட்டேன்."

"அவரோட கூட்டாளியா?"

"கூட்டாளியா! இவர் எழுதின ஒரு எழுத்தால என்கிட்ட ரொம்ப நாளா வந்துட்டிருந்த பார்ட்டி என் கடைப் பக்கமே தலைவச்சுப் படுக்கறதில்ல. இவர் மூஞ்சியப் பாத்தாலே எனக்கு சோறு இறங்காதும்மா."

"குடிச்சிருக்காரா?" என்றாள் மனைவி.

ஒர்க் ஷாப்காரர் சர்வேயரைக் கிட்டே வரச் சொல்லிக் கை காட்டினார். ஊதச் சொன்னார். என்ஜின் ஆயிலைப் பார்க்கிற கவனத்தோடு மோந்து பார்த்தார். "இல்ல. பிஸ்கட் வாசனைதான்."

"அங்க எதுக்கு வந்திருக்காராம்?"

"என்னை வேவு பாக்கன்னு நான் சொல்றேன். குடிய விடன்னு அவர் சொல்றார். நீங்க என்ன நினைக்கறீங்க?"

"அவர் சொல்ற எதையும் நான் நம்பறதில்ல."

"நானும்தாம்மா."

இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். அந்த அறையில் அன்றைக்கு இரண்டு பேர் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

"அவர்கிட்ட சொல்லுங்க," என்றாள் மனைவி. பிறகு, அவர் கேட்டுக்கொண்டிருப்பது நினைவுக்கு வந்து, அவரிடமே சொன்னாள். "திங்கக்கிழமை குடுக்கல. இன்னும் ஒரு வாரம் பையிலயே இருக்கட்டும். கிழிச்சுட்டேன்னு நினைச்சுக்காதீங்க. வீட்டுக்கு வரேன்னும் சொல்லல."

"சரி."

"அந்த மனுஷர் அடுத்த வாரமும் இருப்பாரா?"

"இருப்பார்மா," என்றாள் சாவிக்காரப் பெண், குனிந்து. "ஆனா அடுத்த வாரம் போன் உள்ள வராது. இங்க யாரும் யாருக்கும் சாட்சி இல்ல."

"அப்ப இவர் வந்தாரா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

கொஞ்சம் காத்திருந்துவிட்டு மனைவி போனை வைத்துவிட்டாள்.

டீ டம்ளர்களை ஓரமாக வைத்துவிட்டு எல்லோரும் மறுபடி உட்கார்ந்தார்கள். பையைத் தேடியவரும் உட்கார்ந்தார், பையை மடியில் வைத்தபடி. சாவிக்காரப் பெண் ஒர்க் ஷாப்காரரைப் பார்த்தாள். அவர் மறுத்துத் தலையசைத்தார்.

"இன்னிக்கு நான் பேசல. பேசணும்னுதான் வந்தேன். இவர் எதிர்ல எனக்கு வாய் வரல."

சர்வேயர் எழுந்தார். "நான் வேணும்னா கிளம்பட்டுமா?"

"உக்காருங்க சார்," என்றார் ஒர்க் ஷாப்காரர் எரிச்சலோடு. "நீங்க இப்ப எழுந்து போயிட்டா, அந்தம்மாகிட்ட நான் பொய் சொன்ன மாதிரி ஆயிடும்."

சர்வேயர் உட்கார்ந்தார். ஒர்க் ஷாப்காரர் தன்னுடைய நாற்காலியை இழுத்து, பக்கத்தில் இல்லை, அவருக்கு நேரெதிரே போட்டுக்கொண்டார், சர்வேயருடைய இரண்டு கைகளும் தனக்குத் தெரிகிற மாதிரி.